முஜ்தபா அலி எந்த நாட்டவர்? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 'இந்தியப் பயண இலக்கியம்' தாளுக்கான இறுதிப் பட்டியல் கைக்கு வந்தது. வங்காள எழுத்தாளர் சையது முஜ்தபா அலியின் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில், 'நாட்டுரிமை தெளிவாக இல்லை' என்று ஒரு குறிப்பு. அவருடைய காபூல் பயண நூலான 'தேஷே பிதேஷே'யிலிருந்து இரண்டு அத்தியாயங்களைச் சேர்க்கும்படி ஏன் கேட்டோம் என்பதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டோம். அவரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அவர் 1904இல் கரீம்கஞ்சில் பிறந்தார். அது அன்றைய சில்ஹெட் மாவட்டம். 1947இல் சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போனது. கரீம்கஞ்ச் இந்தியாவோடு நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்கள் அவரைக் கேட்டுக் கிழிக்கவில்லை. அந்த நவம்பரிலேயே சில்ஹெட்டில் மேடையேறி, கிழக்கு பாகிஸ்தானில் வங்காளமே ஆட்சிமொழியாக வேண்டும் என்று பேசினார். அதைக் கட்டுரையாகவும் எழுதினார். விளைவு, அங்கே பொகுரா நகரக் கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டு இந்தியாவுக்கு வர நேர்ந்தது. இங்கே வானொலி நிலைய இயக்குநராக இருந்தார். ரவீந்திரநாத தாகூர் நிறுவிய விஸ்வபாரதியில் பேராசிரியராக இருந்தார். மனைவி மக்கள் எல்லைக்கு அப்பால். 1974இல் டாக்காவில் காலமானார். தில்லிப் பல்கலைக்கழகம் நரசிங்கதாஸ் பரிசு கொடுத்தது. வங்கதேசம் 2005இல் ஏகுஷே பதக் விருது கொடுத்தது. இரண்டு நாடுகள் 'எங்களவர்' என்று சொல்கிற ஒருவரை யாருக்கும் சொந்தமில்லாதவராக ஆக்க உங்கள் சிவப்பு மையால் முடிந்திருக்கிறது.

இதே போன்ற ஒரு காகிதத் தகராறு அவருக்கு 1920களின் கடைசியில் காபூலிலும் வந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கப் போயிருந்தார். கையில் இருந்ததோ விஸ்வபாரதிப் பட்டம். அதை அன்றைய இந்திய அரசு பட்டமாகவே ஏற்கவில்லை. அவருக்குச் சம்பளம் உயர்ந்ததும், முறையான பட்டம் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போய் மேலிடத்தில் முறையிட்டார்கள். 'உங்கள் சான்றிதழில் பஞ்சாப் கவர்னரின் கையெழுத்து இருக்கிறது. கவர்னர்களுக்கு எங்கள் நாட்டிலும் பஞ்சமில்லை. இவருடைய சான்றிதழில் இருப்பது ரவீந்திரநாதரின் கையெழுத்து' என்ற பொருளில் அங்கே பதில் கிடைத்ததாக அவரே எழுதுகிறார். ஆப்கானிஸ்தானத்துக் கல்வித் துறைக்கு அன்று புரிந்தது இது.

வகுப்பில் வைக்க நாங்கள் கேட்ட பகுதி 1928-29 குளிர்காலம். கலகத் தலைவன் பச்சா-இ-சகாவின் படை காபூலை நெருங்குகிறது. மன்னர் அமானுல்லா முடியைத் துறக்கிறார். பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன, சம்பளம் நின்றுபோகிறது, ரொட்டிக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. ஆங்கிலத் தூதரகம் விமானத்தில் ஆட்களை வெளியேற்றுகிறது. ஐரோப்பியர்கள் முதலில் ஏறுகிறார்கள். அலி சட்டப்படி ஆங்கிலேயப் பிரஜைதான், ஆனாலும் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அந்த விமானங்கள் இந்தியர் கட்டிய வரிப்பணத்தில் பறந்தவை என்பதை அவர் கசப்போடு எழுதுகிறார். உடன் இருந்தவன் அவருடைய சமையல்காரன் அப்துர் ரஹ்மான், ஆப்கானிஸ்தானத்துப் பஞ்ச்ஷீர்க்காரன், ஆறடிக்கு மேல் உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் இரவு ஆறு பேர் சாப்பிடும் அளவுக்குப் படைத்துவிட்டு, சமையலறையில் இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொன்னவன். அந்த ஆள், வீட்டில் ஒன்றுமில்லாத நாட்களில் எசமானரோடு சேர்ந்து பட்டினி கிடக்கிறான். விமானம் கிளம்பும்போது பனிக்கு நடுவே அவன் தலைப்பாகை அழுக்காகத் தெரிகிறது. சோப்பு கிடைத்துப் பல நாட்களாகியிருந்தன. நாட்டுரிமை இருந்தும் அன்று அவருக்கு உதவவில்லை. இன்று அது தெளிவில்லை என்று வெளியே நிறுத்துகிறீர்கள்.

பட்டியலில் மிச்சம் இருப்பவர்களையும் பார்த்தேன். இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிய துரைமார் மூவர் பத்திரமாக இருக்கிறார்கள். அவர்கள் நாட்டுரிமை பற்றி எவருக்கும் ஐயம் எழவில்லை. இங்கிலாந்து என்பது அவ்வளவு தெளிவாக இருப்பதால்தானோ என்னவோ! சமையல்காரனோடு பாரசீகத்தில் பேசி, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் படித்து, பரோடாவில் பாடம் நடத்திவிட்டு, எல்லாவற்றையும் வங்காளத்தில் எழுதியவர் மட்டும் சந்தேகத்துக்குரியவர். பயணம் போனவனைப் பற்றிய தாளில் அவன் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதே குற்றமாகிறது. நம் படிவங்களே அப்படித்தான்: மனிதர் எத்தனை ஊர் மாறினாலும் கட்டம் ஒன்றுதான். மூன்று பிரதி, ஒவ்வொன்றிலும் கையொப்பம், பிறகு ஆறு மாதம் மௌனம். இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்; இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து சையது முஜ்தபா அலியைப் பட்டியலில் மீண்டும் சேருங்கள். வங்காளத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய இரு அத்தியாயங்களின் தட்டச்சுப்படி தயாராக இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குச் செலவு எதுவும் இல்லை. பாடநூல் அச்சுக்குப் போகும் முன் நடக்கும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாட்டுரிமைக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று தயக்கம் இருந்தால் 'இந்தியா, வங்கதேசம்' என்று இரண்டையும் எழுதலாம். அளந்து பார்த்தேன், இடம் போதும்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்களில் ஒருவர்