கேமராப் பையை உடனே திறக்காதே

கொலம்பஸ், ஒஹையோ
ஜனவரி கடைசி வாரம்

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா, அப்பா, சித்தி எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு. மார்ச்சில் வரும்போது மார்த்தாண்டத்து ஸ்டூடியோ கேமராவையும் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். நல்லது மக்கா, கலர் கார்டு போட்டியைப் படமெடுக்கலாம்.

பேண்டு செட்டுக்கு முன்னால் கொடி பிடித்துப் போகிற அணிதான் கலர் கார்டு. மழையும் பனியும் தொடங்குமுன் ஃபுட்பால் மைதானத்தில் பேண்டோடு ஆடுவார்கள். பனிக்காலம் வந்தால் பேண்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட ஜிம்முக்குள் பாட்டுப் போட்டுத் தனியாக ஆடுவார்கள். கொடி, மரத்துப்பாக்கி, மழுங்கின வாள் மூன்றும் கையில் சுழலும், மேலே பறக்கும். இந்த உள்ளரங்க ஆட்டத்துக்கென்று 1977இல் உண்டான அமைப்பு டபிள்யூ.ஜி.ஐ., அதாவது வின்டர் கார்டு இன்டர்நேஷனல். அதன் உலகப் போட்டி ஏப்ரலில் டேட்டன் நகரத்தில் நடக்கும். அதற்கு முன் சனிக்கிழமைதோறும் ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள் உண்டு. நீ கைபழக வேண்டியது அங்கேதான்.

டேட்டன் இங்கிருந்து சுமார் 70 மைல். நாகர்கோவிலில் ஏறித் திருநெல்வேலியைத் தாண்டிப் போகிற தூரம், ஆனால் வழியில் ஒரு டீக்கடை கிடையாது. ரெஸ்ட் ஏரியாவில் கழிப்பறையும் காசு போட்டால் சிப்ஸ் தள்ளுகிற மெஷினும் இருக்கும். அதில் ஏத்தங்கா சிப்ஸ் வராது, நீதான் கொண்டு வரணும். ஐ-70 சாலையில் எக்ஸிட் நம்பர் என்பது இண்டியானா எல்லையிலிருந்து எத்தனை மைல் என்ற கணக்கு. மேற்கே போகப் போக நம்பர் குறையும், 33இல் ஐ-75க்குத் திரும்பணும். சின்ன ஊர்ப் பள்ளிகளுக்குப் போகும்போது மேப்பில் பேரை மட்டும் தட்டாதே. வாஷிங்டன் என்ற பேர் ஒஹையோவில் மூலைக்கு மூலை கிடக்கும். நம்மூர் பின்கோடு மாதிரியான ஜிப் கோடும் சேர்த்துப் போட்டால்தான் சரியான வாஷிங்டனுக்குப் போய்ச் சேருவாய். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அன்றைக்குப் போட்டி இருந்தால், முதல் அணி ஆடி முடித்த பிறகு உள்ளே வந்து முழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

பிள்ளைகளை ஏற்றிவரும் மினிவேனில் இடம் கேட்டால் தருவார்கள். ஆனால் கொடிக்கம்பு ஆறடி நீளம். சீட்டுகளுக்கு நடுவே முன்னால் நீட்டிக் கிடக்கும். ஓட்டுகிறவர் முழங்கையை மடக்கியே ஓட்டணும். ஹேர் ஸ்பிரே வாசனை மூக்கை அடைக்கும். முகத்தில் பூசுகிற ஜிகினாத்தூள்தான் நமக்கு வில்லன். பையில் ஏறினால் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவர், ஜிம்முக்குள்ளே லென்ஸ் மாற்றவே மாற்றாதே.

இனி முக்கியமான சங்கதி. வெளியே மைனஸில் குளிர், உள்ளே ஆயிரம் பேர் மூச்சு. குளிர்ந்த கேமராவை ஜிம்முக்குள் பையிலிருந்து எடுத்தால் அடுத்த நிமிஷம் கண்ணாடி முழுக்க நீர் கோர்த்துவிடும். லென்ஸுக்குள்ளே கோர்த்தால் துணியால் துடைத்தும் பிரயோசனம் இல்லை. ஏசி ரூமிலிருந்து நேரே கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயம் எடுக்க இறங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். வழி இது: வெளியே குளிரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக மூடு. உள்ளே போய் முக்கால் மணி நேரம் பொறு. வெப்ராளப்படாதே.

அந்த நேரத்தில் செட்டிங்கைப் பாரு, ஊர்ப்பழக்கம் இங்கே காலை வாரும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். இங்கே 60 ஹெர்ட்ஸ், 120 தடவை. ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து வரிசையாக அடித்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது மங்கல் என்று வரும். ஆன்டி-ஃபிளிக்கரைப் போட்டுவை. லென்ஸ் 70-200 மி.மீ., திறப்பு எஃப் 2.8, வெளிச்ச உணர்வு ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை. கொடிக்கு 1/500 போதும், துப்பாக்கிக்கு 1/1000 வேணும். எக்ஸ்போஷர் மேனுவலில்தான். தரையில் கறுப்பு விரிப்பு விரித்தால் ஆட்டோ மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், முகமெல்லாம் சுண்ணாம்பாகிவிடும். நிறத்தைச் சரிக்கட்டுகிற ஒயிட் பேலன்ஸும் அப்படியே. பெரிய சிவப்புக்கொடி குறுக்கே வந்தால் ஆட்டோ தடுமாறும், ஆகவே பூட்டி வை. ஃபோகஸ் டிராக்கிங்கை மந்தமாக்கு, இல்லையென்றால் முகத்தை விட்டுவிட்டுத் துணிக்குப் பின்னால் ஓடும். வருமுன் சிலம்பப் போட்டி ஒன்றில் இதையெல்லாம் அடித்துப் பழகிக்கோ.

ஃபிளாஷைத் தொடவே தொடாதே. மேலே ஆறு சுற்று சுற்றி இறங்குகிற மரத்துப்பாக்கியை அண்ணாந்து பார்த்து நிற்கிற பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அது மூக்கில்தான் விழும். பாட்டு உரிமை காரணமாக வீடியோ பெரும்பாலும் கூடாது. டிக்கெட் மேசையில் கேட்டுக்கொள்.

எறிகிற கணத்தை விடப் பிடிக்கிற கணம்தான் படம். கண்ணும் கையும் அப்போதுதான் ஒன்றாக இருக்கும். அணி நிற்கிற கோலம் முழுக்கத் தெரியணுமானால் நடு கேலரியில் மேலே உட்காரு, முகம் வேணுமானால் கீழ்ப்படிக்கு வா. யாராவது தவறவிட்ட படம் வந்தால் அழித்துவிடு, சின்னப் பிள்ளைகள். நெட்டில் போடுமுன் பெற்றோரிடம் கேள்.

ஆட்டம் முடிந்ததும் கேமராவை இறக்காதே. தரை முழுக்க விரித்த வினைல் விரிப்பு பல நூறு பவுண்டு கனம். விரிப்பதும் சுருட்டுவதும் அணிக்குக் கொடுத்த நேரக்கணக்கில் சேரும், தாண்டினால் மார்க் போகும். அதனால் ஒரே மாதிரி டீசர்ட் போட்ட அப்பாக்கள் சுசீந்திரம் தேர் இழுக்கிற மும்முரத்தில் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். என் கணக்கில் அன்றைக்கு நல்ல படம் அதுதான்.

சாப்பாட்டுக்குப் பெற்றோர் போடும் ஸ்டால்தான். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதற்குள்ளேயே கறியும் சீஸும் கொட்டித் தருவார்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்.

சார்ஜரின் பின்னால் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாரு, இருந்தால் பிளக் மாற்றுகிற அடாப்டர் மட்டும் போதும். ஸ்பேர் பேட்டரியெல்லாம் கைப்பையில்தான் வரணும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் வறுத்ததாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கு.

அன்புடன்,
அக்கா