சுற்றுச்சூழல் பொறியியல்: கட்டணமும் சம்பளமும் மட்டும் கணக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் பொறியியல் படிப்புக்குப் போடும் பணம் திரும்பி வருமா என்று கேட்கும் பெற்றோர் பலரும், கல்லூரிக் கட்டணத்தையும் முதல் மாதச் சம்பளத்தையும் மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது. கல்விக் கடனுக்கான வட்டி, விடுதிச் செலவு, படிக்கும் 4 ஆண்டுகளில் ஈட்டாமல் போகும் ஊதியம் ஆகியவையும் செலவுதான்.

மென்பொருள் துறையோடு ஒப்பிட்டால் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு; இதை மறைப்பது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் மேலாண்மை, காற்று மாசுக் கட்டுப்பாடு போன்ற பணிகளில் பெரும்பகுதி சட்டத்தின் கட்டாயத்தால் நடப்பதால், தொழில்கள் மந்தமாகும் காலத்திலும் அவை அடியோடு நின்றுவிடுவதில்லை. காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறை 1914-இல் வெளியானது. உலகின் பல பெரிய நிலையங்கள் இன்றும் அதைக் கொண்டே இயங்குகின்றன. இங்கே கற்ற அடிப்படை எளிதில் பழசாகாது.

கடன் சுமை பெரிதாக இருக்குமானால், சிவில் பொறியியலில் பட்டம் பெற்று, முதுநிலைப் படிப்பில் சுற்றுச்சூழல் பொறியியலைத் தேர்வதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. கட்டுமானத் துறையிலும் வேலை தேட அது இடம் தரும். எந்தக் கல்லூரியானாலும், நீரின் உயிரிய ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவை) ஆய்வகத்தில் மாணவர்களே அளக்கிறார்களா, சுத்திகரிப்பு நிலையத்தில் நேரடிப் பயிற்சி உண்டா என்று சேருமுன் விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டும் அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்