முதல் அத்தியாயத்திலேயே காணாமல் போகும் அப்பாக்கள்

அன்புள்ள தம்பிக்கு,

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகப் போகிறது, எந்நேரமும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், நான் விழுந்து விழுந்து படித்த சாகசக் கதைகளை வாங்கிக் கொடுத்தால் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாய். அப்போது நான் அதிகம் பேசவில்லை. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

"வாங்கிக் கொடுத்தேன்" என்றாய் பார், அங்கேதான் கோளாறு. செல்போனைப் பிடுங்கிய கையோடு ஒரு புத்தகத்தை நீட்டினால், அந்தப் புத்தகமும் தண்டனையில் ஒரு பகுதி என்றுதான் பிள்ளை நினைப்பாள். நாம் படித்த காலத்தில் அவற்றை யாரும் நம் கையில் திணிக்கவில்லை. ஒளித்து வைத்துப் படித்தோம்.

'புதையல் தீவு' எப்படிப் பிறந்தது தெரியுமா? 1881-ல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில், பிரேமார் என்ற ஊரில் தங்கியிருந்தார். வெளியே போக முடியாதபடி மழை. அவருடைய மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் லாய்டுக்கு அப்போது 13 வயது. பையன் பொழுது போகாமல் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, பாடம் எடுக்கவில்லை. தானும் சேர்ந்து படம் போட உட்கார்ந்தார். அப்படி வரைந்ததுதான் அந்தத் தீவின் வரைபடம். கதை அதற்குப் பிறகு வந்தது. எழுத எழுத வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளரான ஸ்டீவன்சனின் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. செத்துப்போன கடற்கொள்ளையனின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று அந்தத் தாத்தா உட்கார்ந்து ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தார். அது கதைக்குள்ளும் போனது.

உனக்கு நான் சொல்ல வந்தது, ஸ்டீவன்சன் பையனின் பக்கத்தில் போய் உட்கார்ந்த விஷயத்தைத்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உன்னை ஏன் அவள் பக்கத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறாள் என்பதற்கும் இந்தக் கதைகளிலேயே பதில் இருக்கிறது.

நினைத்துப் பார். 'புதையல் தீவு' நாயகன் ஜிம்மின் அப்பா மூன்றாவது அத்தியாயத்தில் இறந்துவிடுகிறார். 1719-ல் வந்த 'ராபின்சன் குரூசோ'வில் அப்பா தலைபாடாய் அடித்துக்கொண்டும் மகன் கடலுக்குப் போய்விடுகிறான். ஜூல் வெர்ன் 1888-ல் எழுதிய 'இரண்டு வருட விடுமுறை'யில், 8 முதல் 14 வயதுக்குள் உள்ள பதினைந்து பையன்களோடு கப்பல் நடுக்கடலுக்குப் போய்விடுகிறது, அதில் பெரியவர் ஒருவர்கூட இல்லை. எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' கதைத் தொடர் 1942-ல் தொடங்கியபோது அந்தக் கூட்டத்தில் மூத்தவனுக்கு 12 வயது. அங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சித்தப்பா எந்நேரமும் படிப்பறையில் அடைந்து கிடக்கும் விஞ்ஞானி. அப்பா அம்மா கூடவே இருந்தால் அடுத்த அத்தியாயமே கிடையாது. "இருட்டப் போகிறது, வீட்டுக்கு வா" என்ற ஒரு வார்த்தையில் கதை முடிந்துவிடும்.

என் மருமகள் இப்போது சாத்துகிற கதவு அதுதான். தன் கதையின் முதல் அத்தியாயத்தை அவள் எழுதுகிறாள். அதில் உனக்குப் பாத்திரம் இல்லையே என்பதுதான் உன் வருத்தம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ? அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்!

ஆர்தர் ரான்ஸம் 1930-ல் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்ற நாவலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்கு பிள்ளைகள் பாய்மரப் படகில் ஏரித் தீவொன்றுக்குத் தனியே போய்த் தங்க அனுமதி கேட்கிறார்கள். கடற்படையில் இருக்கும் அப்பா தந்தி அடிக்கிறார். உருப்படாதவர்களாக இருந்தால் மூழ்கினாலும் தேவலை, உருப்படியானவர்கள் என்றால் மூழ்கமாட்டார்கள் என்கிற தோரணையில் அனுமதி. இன்று எந்த அப்பாவாவது இப்படி எழுதினால் குடும்பமே அவரைத் தூக்கிப்போட்டு மிதிக்கும். எனக்குப் பிடித்தது அந்த அம்மாதான். ஒருநாள் டிட்டி என்ற சின்னப் பெண் தீவில் தனியாக இருக்கிறாள். தன்னை ராபின்சன் குரூசோவாகப் பாவித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா படகு வலித்துக்கொண்டு வருகிறாள். "தனியாகவா இருக்கிறாய்? கிளம்பு வீட்டுக்கு" என்று பதறவில்லை. குரூசோவின் துணையாள் ஃப்ரைடேவாகத் தீவில் இறங்குகிறாள், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறாள், கதையளக்கிறாள், பிறகு படகேறிப் போய்விடுகிறாள். மகள் தந்த வேடத்தில் வந்தாள், அதனால் அவளுக்குத் தீவில் இடம் கிடைத்தது.

உனக்கும் அப்படி ஒரு வேடம் வேண்டும். என் யோசனை, சத்தமாக வாசிப்பவன் வேடம். பன்னிரண்டு வயதில் யார் வாசித்துக் காட்டச் சொல்வார்கள் என்பாய். அவளுக்காக வாசிக்காதே. கூடத்தில் உட்கார்ந்து உனக்காக வாசி, கொஞ்சம் உரக்க. 'புதையல் தீவு' 1881 அக்டோபரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் முடியும் இடமெல்லாம் தொண்டையைப் பிடிக்கும். ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்க, சமையல்காரன் சில்வர் வெளியே சதி பேசும் இடம் நினைவிருக்கிறதா? அந்த மாதிரி ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போ. இரவில் அவள் எடுத்துப் படித்தால் காலையில் தெரியாத மாதிரி இரு. படித்தாயா, என்ன புரிந்தது, அதன் நீதி என்ன என்று கேட்டாயோ, போச்சு.

சுருக்கப் பதிப்புகளைப் பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. முழு குரூசோ பல இடங்களில் இழுவைதான், நீயே பக்கம் தள்ளிப் படித்தவன். மூன்று அத்தியாயத்துக்குப் பிறகும் அவளுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு, வேறு கதை எடு.

இந்தக் கதைகளில் உள்ள கசப்பான பகுதிகளை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். நாம் சிறு வயதில் கவனிக்காமல் தாண்டிப் போனவை. குரூசோ கரை ஒதுங்கிய அந்தப் பயணமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணம். அதற்கு முன், தன்னோடு உயிர் தப்பி வந்த சூரி என்ற சிறுவனைக் கப்பல் தலைவனிடம் விற்றும் இருக்கிறான். வெர்னின் பையன்கள் தீவில் தலைவனுக்குத் தேர்தல் நடத்துகிறார்கள். கறுப்பினச் சிறுவன் மோகோவுக்கு மட்டும் வாக்கு இல்லை, ஆசிரியரும் அதைச் சாதாரணமாகச் சொல்லிப் போகிறார். வாசிக்கும்போது இவற்றை விழுங்கிவிடாதே. நியாய அநியாயத்துக்கு மூக்கு விடைக்கிற வயது அவளுக்கு. உன்னைவிட நன்றாகவே கோபப்படுவாள். அந்தக் கோபத்தை நீ ஆமோதித்தால் போதும், சொற்பொழிவு வேண்டாம். பிளைட்டன் கதைகளின் நடையை 2010-ல் பதிப்பகத்தார் புதுப்பித்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை, சில ஆண்டுகளில் பழைய நடைக்கே திரும்பினார்கள். பிள்ளைகளுக்குப் பழசின் வாடை பிடிக்காது என்பது பெரியவர்களின் கற்பனைதான் போலிருக்கிறது. 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகளில் ஜார்ஜ் என்கிற பெண் பையன்களுக்குச் சமமாகச் சண்டை போட, இன்னொரு பெண் ஆன் மட்டும் பாத்திரம் கழுவுவது ஏன் என்று கேட்பாள். கேட்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கதைகள் வேலை செய்ய ஆரம்பித்தால், எங்காவது தனியாகப் போய்வரட்டுமா என்று வந்து நிற்பாள். உடனே முடியாது என்று சொல்லாதே. எவ்வளவு தூரம், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேள். ரான்ஸம் கதையின் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவில்லை. பிள்ளைகள் தினமும் கரையில் உள்ள பண்ணைக்குப் போய்ப் பால் வாங்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு பால் வாங்கும் ஏற்பாட்டை நீயும் யோசித்து வை.

பாலன்டைன் எழுதிய 'பவளத் தீவு' நாவல் உன் பெட்டியில் இருந்தால் அதை மட்டும் தொடாதே. பசிபிக் தீவுகளைக் கண்ணால் பார்க்காத மனுஷன், மரத்தில் காய்க்கிற தேங்காயும் கடையில் இருப்பது மாதிரி மட்டை இல்லாமல்தான் இருக்கும் என்று எண்ணி, பையன்கள் அதைப் பேனாக்கத்தியால் துளைத்துக் குடிப்பதாக எழுதிவிட்டார். பிறகு அவரே அந்தப் பிழையை ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கத்தை என் மருமகளுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அத்தைக்கும் ஒரு வேடம் வேண்டாமா?

அன்புடன்,
அக்கா