வானொலிக்குப் படியளப்பது யார்?

மயூர் விகார், தில்லி
நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் தீபாவளி கழிந்த வாரத்தில் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. தில்லியில் வழக்கம்போல் புகைமூட்டம் இறங்கிவிட்டதால் என் காலை நடை நின்றுபோயிற்று. அந்த நேரம் இப்போது வானொலிக்குப் போகிறது. ஆகவே நீங்கள் எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் நிறையவே இருந்தது. "யாரும் பார்க்காத தூர்தர்ஷனுக்கும் யாரும் கேட்காத வானொலிக்கும் என் வரிப்பணம் எதற்கு?" என்று உங்கள் மருமகன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாராம். மத்திய அரசின் கணக்குப் பிரிவில் வயதைக் கழித்தவன் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகையில் பாதிக்கு மேல், தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கே போகிறது. அதிலும் பெரும்பகுதி சம்பளம். நிகழ்ச்சித் தயாரிப்புக்குச் செல்லும் பங்கு மிகக் குறைவு என்று சாம் பிட்ரோடா தலைமையிலான குழு 2014-இலேயே சுட்டிக்காட்டியது. ஆனாலும் மருமகன் தொகையைப் பார்க்கிறார்; நான் அந்தத் தொகை யார் கையால், எந்த நிபந்தனையோடு அளக்கப்படுகிறது என்பதைப் பார்க்கிறேன். முப்பது ரூபாயானாலும் மூவாயிரம் கோடியானாலும், கொடுப்பவர் நினைத்தால் நிறுத்தலாம் என்றிருக்கும் பணத்தில் ஒரு செய்தி நிறுவனம் நிமிர்ந்து நிற்க முடியாது.

நம் இளமையில் ஏற்பாடு வேறாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி, வானொலி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டு வருவது உங்கள் வீட்டில் உங்கள் பொறுப்பு, எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அந்தப் பணமும் அரசின் கணக்கில்தான் சேர்ந்தது. வானொலியும் அப்போது முழுக்க ஓர் அரசுத் துறைதான். இருந்தும் கட்டணம் கட்டியவன் என்ற முறையில் கேட்பவனுக்கு ஒரு தோரணை இருந்தது. 1980களின் நடுவில் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். கேட்பவனுக்கும் நிலையத்துக்கும் இடையிலிருந்த ஒரே கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

கேட்பவனைப் பொருட்படுத்தாத வானொலிக்கு என்ன நேரும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும், திரைப்படப் பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அவற்றை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைத்தார். செவ்வியல் இசைக்கு அவர் செய்த நன்மை பெரிது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் மக்கள் திருகைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். திருநெல்வேலிக்கென்று ஒரு நிலையம் 1963-இல்தான் வந்தது. அதற்கு முன் கொழும்பு நமக்கு உள்ளூர் நிலையம்போலத்தானே ஒலித்தது! கடைசியில் 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கிப் பாடல்களைத் திரும்ப அழைத்தார்கள். 1967-இல் அதில் விளம்பரமும் வந்தது. 1976-இல் தொலைக்காட்சியும் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. விளம்பர வருமானம் தவறில்லை. ஆனால் அது கூட்டம் கூடும் இடத்துக்கே வரும். கூட்டம் கூடாத இடத்துக்கும் போய்ச் சேர வேண்டியது பொது ஒலிபரப்பின் கடமை.

சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்ற பேச்சு நெருக்கடி நிலைக்குப் பிறகு வலுத்தது. பி.ஜி. வர்கீஸ் குழு 1978-இல் தன்னாட்சி கொண்ட ஓர் அறக்கட்டளையைப் பரிந்துரைத்தது. 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. ஏழு ஆண்டுகள் அது பெட்டிக்குள் கிடந்தது. 1995-இல், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே, ஜெய்பால் ரெட்டி அமைச்சராக இருந்த 1997-இல், சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவைத்துப் படித்தால் அழகாகத்தான் இருக்கிறது. தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் குழுவில் அமைச்சருக்கு இடமில்லை; குடியரசுத் துணைத் தலைவர் தலைமை வகிக்கிறார், இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவரும் இருக்கிறார். மேற்பார்வைக்கு நாடாளுமன்றக் குழு ஒன்று, மக்களின் புகார்களைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் ஒன்று என்று 13, 14 ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அந்த இரண்டும் அமைக்கப்படவே இல்லை. 17 ஆம் பிரிவு சொல்லும் மானியம் மட்டும் அமைச்சகத்தின் வழியாகத் தவறாமல் நடைமுறைக்கு வந்தது.

மாமனார் கொடுக்கும் மாதப்படியில் காலம் தள்ளும் வீட்டோடு மாப்பிள்ளை, தனிக்குடித்தனம் போவதாகப் பேசிக்கொண்டிருப்பதைப் போன்றது இந்த நிலை. (உங்கள் மருமகனைச் சொல்லவில்லை, அவர் சொந்த வீடு கட்டியவர்.) 2007 அக்டோபர் 5-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள், அவர்கள் சம்பளத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஊழியர்களுக்கு அது நிம்மதி; நிறுவனத்துக்கோ கயிறு இன்னும் இறுகியது. 2018-இன் தொடக்கத்தில் நடந்ததைக் கவனித்தீர்களா? சம்பளத்துக்கான பணத்தை அமைச்சகம் விடுவிக்கவில்லை என்றும், அவசரகால நிதியிலிருந்து சம்பளம் கொடுக்க நேர்ந்தது என்றும் அப்போதைய தலைவர் சூர்ய பிரகாஷ் வெளிப்படையாகவே சொன்னார். புதிய பொது நிதி விதிகளின்படி மானியம் பெறும் தன்னாட்சி அமைப்புகள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும், அதைப் பிரசார் பாரதி செய்யவில்லை என்பது அமைச்சகத்தின் பதில். கணக்குக்காரன் என்ற முறையில் அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். மானியம் வாங்கும் ஆராய்ச்சி நிலையத்திடமும் அருங்காட்சியகத்திடமும் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் அரசின் செயலைப் பற்றிச் செய்தி சொல்ல வேண்டிய ஒரு நிறுவனத்தையும் அதே வரிசையில் நிறுத்தி, அதே தாளில் கையெழுத்து வாங்குவதுதான் கோளாறு. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, ஒரு கோப்பு ஒரு மேசையில் தங்கினால் நாடு முழுவதும் வானொலி ஊழியர்களின் சம்பளம் கேள்விக்குறியாகும் என்பதே எனக்கு உறைத்தது.

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கும் வீடு 2025-இல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு கட்டியது. பணம் பிபிசிக்குப் போகிறது. ஆனால் கட்டணத்தின் அளவை அரசே தீர்மானிக்கிறது, 2022 முதல் இரண்டு ஆண்டுகள் அதை உயர்த்தாமல் நிறுத்தியும் வைத்தது. அமெரிக்காவில் 1967-இன் சட்டத்தால் உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அரசியல் கை நீளாமல் தடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தலைநகருக்குப் போகவில்லை, உள்ளூர் நிலையங்களுக்குப் போனது என்பதை இங்கே யாரும் பேசவில்லை.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் முறை. வீட்டில் பெட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஒவ்வொரு குடும்பமும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. எவ்வளவு தேவை என்பதை நிலையங்களிடம் கணக்குக் கேட்டு, வெட்டித் திருத்திச் சொல்வது, அரசியல்வாதிகள் அல்லாத ஒரு தனி வல்லுநர் குழு. மாநிலச் சட்டமன்றங்கள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். 2020 இறுதியில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் மட்டும் உயர்வுக்கு ஒப்புதல் தராமல் முட்டுக்கட்டை போட்டபோது, அரசமைப்பு நீதிமன்றம் 2021-இல் தலையிட்டு உயர்வை நடைமுறைப்படுத்தியது. போதிய நிதி என்பது ஒலிபரப்புச் சுதந்திரத்தின் பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அங்கேயும் மக்கள் முணுமுணுக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவன் முணுமுணுக்கத்தான் செய்வான். அந்த முணுமுணுப்புக்கு நிலையங்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைத்தான் நாம் 15 ரூபாயோடு சேர்த்து இழந்தோம்.

"கையில் அலைபேசி இருக்கிறது, நூறு தனியார் சேனல் இருக்கிறது" என்று மருமகன் சொல்லக்கூடும். ஒக்கி புயலை அவருக்கு நினைவூட்டுங்கள். 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அலைபேசிக் கோபுரத்தின் வீச்சும் பண்பலையின் வீச்சும் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தோடு முடிந்துவிடும். மத்திய அலை (மீடியம் வேவ்) கடலுக்குள் வெகுதூரம் போகும். அந்த மத்திய அலை ஒலிபரப்பிகளைத்தான் படிப்படியாகக் குறைத்துப் பண்பலைக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். படகில் இருப்பவனுக்காக விளம்பரதாரர் எவரும் ஒலிபரப்பியை நிறுத்திவைக்க மாட்டார். அதுபோலவே, வடகிழக்கு மலைமக்களின் மொழிகளில் செய்தி வாசிப்பதால் எந்தச் சோப்பும் அதிகம் விற்காது. நம் தமிழுக்கே ஒரு காலத்தில் அந்தத் தேவை இருந்தது: இங்கே நாடாளுமன்றத் தெருவிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் கிளம்பித் தாமிரபரணிக் கரைக்கு வந்ததற்கு அரசுப் பணம்தான் காரணம். தமிழ்ச் செய்திப்பிரிவு பிறகு தில்லியை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. சிக்கனம் என்ற வகையில் சரியான முடிவுதான், இங்குள்ள பழைய தமிழர்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்கிறேன். மாதக் கட்டணமே இல்லாமல், குடை ஆன்டெனா வழியாகச் சேனல்களைத் தரும் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இன்று நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் இடம்பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் போட்டி போட்டு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கோடி கொடுக்கின்றன. யாரும் பார்க்காத தூர்தர்ஷன் என்றால் அந்தக் குடைக்கு இத்தனை கிராக்கி ஏன்? ஆனால் வருவதில் பெரும்பாலானவை இந்திச் சேனல்கள். சம்பாதிப்பது நல்லது, சம்பாத்தியமே வழியைத் தீர்மானிக்கத் தொடங்கினால் திருநெல்வேலியின் வேளாண் நிகழ்ச்சிக்கு அதில் என்ன பங்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் அரசுச் செய்திகள் ஆளுங்கட்சி பக்கமே சாய்கின்றன; எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி பேசியவர்கள் நாற்காலியில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள். இதனால்தான் "மூடிவிடலாம்" என்ற குரலுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. மானியத்தைக் குறைத்தால் இந்தச் சாய்வு நிமிராது. முதலில் நிற்பது உள்ளூர் நிகழ்ச்சிகளாகத்தான் இருக்கும், தலைநகரின் செய்தி அப்படியே தொடரும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அமைச்சகத்துக்கு வெளியே உள்ள ஒரு குழு தேவையைக் கணக்கிட்டு, நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாக ஒப்புதல் தந்துவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அதில் மாநில, மாவட்ட நிலையங்களின் நிகழ்ச்சிக்கென்று ஒரு பங்கை, வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி, தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். 2023-இல் ஒளிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்த 2,539.61 கோடி ரூபாய் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் கருவிகளுக்கு இடம் கிடைத்தது. கருவிக்கு முன்னால் உட்கார்ந்து பேசப்போகிற தற்காலிக அறிவிப்பாளரின் ஊதியத்துக்கும் அத்தகைய உறுதி வேண்டும் என்பது என் கட்சி. அமைச்சகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இப்போது பதவி உயர்வுக் கவலை இல்லை.

உவரியிலோ மணப்பாட்டிலோ உங்களிடம் படித்த மாணவர்கள் யாராவது கடலுக்குப் போகிறவர்களாக இருந்தால், படகில் இன்றைக்கு எதைக் கேட்கிறார்கள், எத்தனை கடல்மைல் வரை எந்த நிலையம் எட்டுகிறது என்று விசாரித்து எழுதுங்கள். பொங்கலையொட்டி ஊருக்கு வருகிறேன், பயணச்சீட்டு எடுத்தாயிற்று. மருமகனும் அந்தச் சமயத்தில் பாளையங்கோட்டையில் இருந்தால் மிச்ச வழக்கை நேரில் பேசித் தீர்க்கலாம். மதினிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள
சங்கரன்