சிவப்பு மிதவை எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடம் விசைப்படகில் ஸ்ராங்காக (படகை ஓட்டுபவராக) இருந்துவிட்டு இப்போது கரையில் இருப்பவன் நான். போன மாதம் என் தங்கை மகன் வெளியூர்த் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்படும்போது படகை மணல்திட்டில் ஏற்றிவிட்டான். ஆட்களுக்கு ஒன்றுமில்லை, ப்ரொப்பல்லர்தான் வளைந்துபோனது. "சிவப்பு மிதவையை இடது பக்கம் விட்டுத்தானே மாமா வந்தேன்?" என்கிறான். கோளாறே அங்கேதான். துறைமுகத்துக்குள் படகு போகும் வழியின் இரண்டு ஓரத்தையும் காட்டத்தான் சிவப்பு, பச்சை மிதவைகள். சிவப்பு இடது, பச்சை வலது என்பது கடலிலிருந்து உள்ளே வரும்போது. வெளியே போகும்போது இரண்டும் பக்கம் மாறும். பயல் பாதிப் பாடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறான்.

எங்கள் காலத்தில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தோம். படகின் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. உள்ளே வரும்போது விளக்கின் நிறமும் அந்தப் பக்கத்து மிதவையின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். போகும்போது ஒத்துப்போகக் கூடாது, அவ்வளவுதான். அந்தி நேரத்தில் நிறம் தெரியவில்லையா, உருவத்தைப் பார்க்கலாம்: சிவப்புக்குத் தட்டையான டப்பா வடிவம், பச்சைக்குக் கூம்பு.

இளைஞர்கள் பார்க்கும் அமெரிக்க வீடியோக்கள் இன்னொரு தலைவலி. அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் உள்ளே வரும்போது சிவப்பு வலது பக்கம் இருக்கும். நமக்கு அந்த வழக்கம் இல்லை.

கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும் மிதவை, தன்னைவிட்டு எந்தத் திசையில் போனால் ஆபத்தில்லை என்று காட்டுவது. உச்சியில் உள்ள இரண்டு கூம்புகளும் மேலே பார்த்தால் மிதவைக்கு வடக்கே போக வேண்டும், கீழே பார்த்தால் தெற்கே. அடியோடு அடி சேர்ந்திருந்தால் கிழக்கே, முனையோடு முனை என்றால் மேற்கே. கறுப்பில் சிவப்புப் பட்டையும் மேலே இரண்டு கறுப்பு உருண்டையும் கண்டால் அந்த இடத்திலேயே பாறையோ மூழ்கிய கப்பலோ கிடக்கிறது. கிட்டே போகக் கூடாது.

மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களால் கடலில் இடத்தைக் கணித்து, மீன் கிடைக்கும் மடையைக் கண்டுபிடித்தவர்களின் பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தை இல்லை. சொல்லித்தர ஆள்தான் இல்லை. தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில், மீன் ஏலம் நடக்கும் இடத்தின் பக்கத்தில், இந்த மிதவைகளைப் படமாக வரைந்து தமிழில் விளக்கம் எழுதிய பலகை ஒன்றை மீன்வளத்துறை வைக்கலாம். அப்புறம், மிதவையில் படகைக் கட்டிப்போடும் பழக்கத்தையும் நம் ஆட்கள் விட வேண்டும். இடம் நகர்ந்த மிதவையை நம்பி வருகிறவன் நேரே திட்டில்தான் ஏறுவான்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பலகைக்குப் பெயின்ட் செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்ராங்க்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.