கேள்வி முதலில் எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அறிவியலும் கலையும் சந்திக்கும் இடங்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். விண்மீன் கூட்டங்களின் படங்கள், ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் பழைய ஓவியத்தை எக்ஸ் கதிர் காட்டிக்கொடுப்பது எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கதைதான்: கலைஞர் ஏதோ செய்துவைக்கிறார், அப்புறம் விஞ்ஞானி வந்து விளக்கம் சொல்கிறார். பல நல்ல சந்திப்புகளில் முதலில் வாயைத் திறந்தது பட்டறைதான் என்பதைக் கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்டார்.

பாரிஸின் கோப்லன் திரைச்சீலை நெசவுக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் செவ்ரூல். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கிய வேதியியலாளர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் சரியில்லை என்பது. நீலம், ஊதா நிற மடிப்புகளுக்கு நிழல் காட்டப் போடும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறதாம். அவர் மற்ற ஊர்ப் பட்டறைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருக்கிறது. சாயத் தொட்டியில் தேடிய கோளாறு பார்ப்பவரின் கண்ணில் இருந்தது! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர், அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்று 1839-இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து வரைந்த சூராவுக்கு அது பாடப் புத்தகம் மாதிரி. புகார் சொன்னவர்களின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்து உதாரணம் மிருதங்கம். சீராக இழுத்துக் கட்டிய வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அடிப்படை அதிர்வை 1 என்று வைத்தால் அடுத்தடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று கோணலாகப் போகும். பெரும்பாலான பறை வகைகளில் தெளிவான சுருதி கேட்காததற்கு இதுதான் காரணம். மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகின்றன? சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 1934-இல் ராமன் மறுபடியும் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் போய் ஒதுங்கும். அதைப் படம் பிடித்து அவர் காட்டியது இது: ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து, 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கில் ஐந்து சுரங்களாக அடங்கிவிடுகின்றன. அடக்குவது நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை. சோற்றோடு கல்தூளைப் பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து, அதன் மேல் இன்னொரு படலம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் கனம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது வேலை செய்கிறவரின் காதுக்குத்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதிர்வுகளின் சமன்பாடு கரணை போட்டவருக்குத் தெரியாது, தேவையும் படவில்லை. சமன்பாடு தெரிந்தவரை உட்காரவைத்து ஒரு கரணை போடச் சொன்னால் அவரும் திணறுவார். இரண்டும் வேறு வேறு அறிவு. சிக்கல் என்னவென்றால், ஒன்று ஆய்விதழில் தேதியோடு பதிவாகிறது, மற்றது கை ஓய்ந்ததும் போய்விடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதிகளில் பேராசிரியர்களின் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். வாத்தியம் செய்பவர்கள், சாயம் போடுபவர்கள், சிற்பம் வார்ப்பவர்கள் ஆகியோரிடம் போய், "உங்களுக்கு விடை கிடைக்காத சந்தேகம் எது?" என்று கேட்டு அப்படியே அச்சிடுங்கள். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடுகிறதே, அதற்கு ஒரு வழி கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பதில் சொல்ல இயற்பியலாளர்களையும் பொருளறிவியல்காரர்களையும் அதே பக்கத்தில் அழையுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதட்டும், அதையும் படிக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்