சிங்கம் தூங்கட்டும், டீச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளிகளில் 'ஜூ வாரம்' நடத்தும் படங்கள் உங்கள் பக்கங்களில் வரும்போதெல்லாம் ஆசையாகத்தான் பார்க்கிறேன், ஆனால் பார்த்த கையோடு கொஞ்சம் எரிச்சலும் வந்துவிடுகிறது. சுவர் முழுக்க பேப்பர் தட்டுச் சிங்கங்கள், இருபதுக்கும் ஒரே கண், ஒரே மூக்கு, அளந்து ஒட்டிய மாதிரி பிடரி. மூன்றரை வயதுக் குழந்தை செய்ததல்ல அது. முந்தின நாள் ராத்திரி டீச்சர் உட்கார்ந்து வெட்டியது, குழந்தை விரல் வைத்து அழுத்தியதோடு சரி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் பல வருஷம் அப்படி வெட்டியவள்தான்.

குழந்தைக்கு என்ன வரும் என்று பார்த்து வேலையைக் கொடுத்தால் போதும். மூன்று வயதில் கோட்டின் மேல் வெட்ட வராது, ஆனால் காகிதத்தின் ஓரத்தில் 'சடக்' என்று ஒரே ஒரு வெட்டு எல்லோருக்கும் வரும். அப்படி ஓரத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் அதுவே பிடரி. கத்தரிக்கோல் பிடிக்கவே வராதவர்கள் கிழித்து ஒட்டட்டும், விரல்களுக்கு அதுவும் நல்ல வேலைதான். வரிக்குதிரைக்கு அச்சுப் பிரதி எதற்கு? ஒரு வரிக்குதிரையின் கோடு இன்னொன்றுக்கு இருக்காது, ஆகவே குழந்தை எப்படிப் போட்டாலும் சரிதான்.

சரி, செய்தாகிவிட்டது, அப்புறம்? சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். என் ஆதங்கமே இதுதான். கைவேலை, வகுப்பையே மிருகக்காட்சிசாலையாக்கும் விளையாட்டுக்குள் போக வேண்டும். டிக்கெட் வேண்டுமா, குழந்தைகளே கிறுக்கட்டும். 'தொடாதே' என்று பலகை வேண்டுமா, எழுத்து தெரியாவிட்டால் கை படம் போட்டு அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. யானைக்குத் தும்பிக்கை வேண்டும் என்றால் ஒரு நீளமான சாக்ஸைக் கையில் மாட்டிவிட்டால் ஆயிற்று, அதைக் கொண்டு பொருளை எடுக்க முயலும்போதுதான் அந்த உறுப்பின் அருமை தெரியும். ஒட்டகச்சிவிங்கியை மட்டும் சுவரில் வரையாதீர்கள், கூரை இடிக்கும். வளர்ந்த ஆண் சுமார் 18 அடி. தரையில் சாக்பீஸால் அந்த நீளத்துக்குக் கோடு போட்டு, அதன்மேல் குழந்தைகளை வரிசையாகப் படுக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் படுத்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்துக்கு யார் படுப்பது என்று ஒரு சண்டை வரும். வரட்டும்.

ஒரு தடவை என் வகுப்பில் சிங்கமாக இருந்த பையன் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். 'கர்ஜிக்கணும்டா கண்ணா' என்று நான் கெஞ்சுகிறேன், வேடிக்கை பார்க்க வந்த 'பொதுமக்கள்' கத்துகிறார்கள், அவன் அசையவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம். பின்னால்தான் படித்தேன், சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட ஓய்விலேயே கிடக்குமாம். அந்த அறையில் சிங்கத்தைச் சரியாகச் செய்தவன் அவன் ஒருவன்தான், தொந்தரவு செய்தது நான். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் இதைத்தான் சொல்கிறார்: அம்மாவாக விளையாடும் குழந்தை, அம்மாவுக்குரிய விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறது. வெளியிலிருந்து நாம் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தால் அப்புறம் அது விளையாட்டே இல்லை, ஆண்டுவிழா ஒத்திகை.

எல்லோரும் விலங்காகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் வேஷத்தில்தான் விஷயமே இருக்கிறது. அவர்கள் காலையில் முதலில் பார்ப்பவற்றில் சாணமும் ஒன்று, உடம்பு சரியில்லை என்றால் அதிலேயே தெரிந்துவிடும். களிமண்ணில் சாண உருண்டை பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிப்பில் உருளும், அப்படியே எண்ணிக்கைப் பாடமும் முடிந்துவிடும். முகம் சுளிக்கும் பெற்றோர் இருப்பார்கள், பரவாயில்லை. விலங்கு சும்மா கிடந்து சலித்துப்போகாமல் இருக்க, இரையை ஒளித்து வைத்துத் தேடவிடுவதும் அவர்கள் வேலைதான். அட்டைப்பெட்டிக்குள் காகித இலைகளை ஒளித்து வைத்து, குரங்குகளைத் தேடவிடலாம்.

இன்னொன்று. புலிப் படத்தின்மேல் கறுப்புப் பட்டைகளைக் கூண்டுக் கம்பியாக ஒட்டும் கைவேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானிய விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக், ஹாம்பர்க் நகரின் அருகே கம்பிகளுக்குப் பதில் அகழி வைத்த விலங்குப் பூங்காவைத் திறந்தது 1907இல்! நாம் மட்டும் ஏன் இன்னும் பட்டை ஒட்டுகிறோம்? ஒரு நீலத் துணியை விரித்தால் அகழி. 'ஏன் தண்ணீர்?', 'தாண்டிவிடாதா?', 'அது வீட்டுக்குப் போகாதா?' என்று கேள்விகள் வரும். கடைசிக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது, அதனால் நான் குழந்தைகளிடமே திருப்பிக் கேட்டுவிடுவேன்.

எச்சரிக்கையாக ஒன்று மட்டும்: ஒட்டும் குண்டுக் கண்களும் சின்ன மணிகளும் மூன்று வயதுக்குள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் போய் அடைத்துவிடும். கண்ணை வரைந்தால் போயிற்று. முகத்தை மூடும் முகமூடியில் பாதிப் பேருக்கு வழி தெரியாது, சிலருக்குப் பயமும் வரும், காது மட்டும் வைத்த தலைப்பட்டை போதும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரி படம் போடும்போது, வரிசையாக நிற்கும் இருபது சிங்கங்களை விட்டுவிட்டு, பிடரி முழுக்க ஒரே பக்கம் ஒட்டியிருக்கும் ஒன்றைத் தேடிப் போடுங்கள். பள்ளி தராவிட்டால் சொல்லுங்கள், நான் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பெட்டியில் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர்